டாபிட்: மதுரையின் உச்சிக்கு வரும் மஞ்சள்வெள்ளை விண்மீன் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மதுரைப் பக்கத்து வான்நோக்கு இரவுகளில் ஓரியனைக் காட்டினால் திருவாதிரையைப் பற்றியும் இடுப்புப்பட்டை மூன்று விண்மீன்களைப் பற்றியும்தான் எல்லாரும் கேட்பார்கள். கொஞ்சம் மேற்கே இருக்கும் டாபிட்டையும் சேர்த்துக் காட்டினால் கேள்விகள் வேறு வகையில் வரும். சூரியனைவிடச் சற்றே கனமான இந்த விண்மீன் எத்தனை விதத்தில் சூரியனிலிருந்து மாறுபடுகிறது என்பதைச் சுற்றியே அவை இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கீழே தொகுத்திருக்கிறோம்.

டாபிட்னா எது? நம்ம 27 நட்சத்திரத்துல ஒண்ணா?

இல்லை. ஓரியன் கூட்டத்தின் மேற்கு ஓரத்தில், வேடன் கையில் பிடித்திருக்கும் கேடயம்போல வளைந்து நிற்கும் ஆறு மங்கலான விண்மீன்களில் இதுவே பிரகாசமானது. பட்டியல்களில் பை-3 ஓரியோனிஸ், 1 ஓரியோனிஸ், ஹெச்டி 30652 என்ற பெயர்களில் இருக்கும். தேடும்போது இந்த மூன்றில் எதைக் கொடுத்தாலும் இதே விண்மீன்தான் வரும்.

பஞ்சாங்கக் கணக்கில் இதன் தீர்க்கரேகை ரோகிணிக்குரிய பகுதியில் விழுகிறது. ஆனால் சூரியப் பாதையிலிருந்து 15 பாகைக்கும் மேல் தெற்கே இருக்கிறது. நிலா அந்தப் பாதையை விட்டு 5 பாகை அளவுக்கே விலகும் என்பதால் டாபிட்டின் அருகே வரவே வராது. நிலா தங்கும் இடங்களாக எண்ணப்பட்ட 27-இல் இது இல்லாததற்கு அதுவே போதுமான காரணம்.

எங்கிட்டுப் பார்க்கணும்? எந்த மாசம் நல்லாத் தெரியும்?

முதலில் ஓரியனின் இரண்டு தோள்களைப் பிடியுங்கள். கிழக்குத் தோள் சிவந்த திருவாதிரை, மேற்குத் தோள் பெல்லாட்ரிக்ஸ். திருவாதிரையிலிருந்து பெல்லாட்ரிக்ஸுக்கு ஒரு கோடு இழுத்து, அதே திசையில் அதே தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நீட்டினால் டாபிட் வந்துவிடும். பெல்லாட்ரிக்ஸிலிருந்து அது 9 பாகை தள்ளியிருக்கிறது. கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை, ஆகவே ஒரு முஷ்டிக்குச் சற்றுக் குறைவு. சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு: ரோகிணிக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, ஒரு முஷ்டி கீழே.

மதுரை வடக்கு அட்சரேகை 9.9 பாகையில் இருக்கிறது, டாபிட் வான நடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில். அதனால் உச்சிக்கு வரும்போது தலைக்கு நேர் மேலிருந்து மூன்றே பாகை தெற்கே நிற்கும். டிசம்பர் முதல் வாரத்தில் நள்ளிரவில், ஜனவரி முதல் வாரத்தில் இரவு பத்து மணி வாக்கில், பிப்ரவரி முதல் வாரத்தில் எட்டு மணி வாக்கில் உச்சியைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் கெடுத்துவிடும். தையும் மாசியும்தான் நம்பிக்கையான மாதங்கள். மே நடுவிலிருந்து ஜூன் முடியும்வரை சூரிய ஒளியில் மறைந்திருக்கும்.

இதன் பொலிவெண் 3.2 (இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கலாகத் தெரியும்). மாட்டுத்தாவணி, பெரியார் பேருந்து நிலையம் மாதிரி விளக்கு கொட்டும் இடத்தில் வெறுங்கண்ணில் பிடிப்பது சிரமம். அழகர்கோயில் சாலையிலோ நாகமலைக்கு மேற்கேயோ தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத ஒரு மொட்டைமாடி போதும். நேர் மேலே பார்க்க வேண்டியிருப்பதால் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள். கழுத்து வலியில்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

மஞ்சள்வெள்ளைன்னு சொல்றீங்க. எனக்கு வெறும் வெள்ளையாத்தானே தெரியுது?

நீங்கள் பார்ப்பது சரி. ‘மஞ்சள்வெள்ளை’ என்பது வெப்பநிலை வரிசையில் அதற்குக் கொடுத்த வகைப்பெயர். மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 6,500 கெல்வின், சூரியனுக்கு 5,772. சூரியனையே விண்வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளையாகத்தான் தெரியும். டாபிட் அதைவிட ஒரு பொட்டு நீலத்தின் பக்கம் சாய்ந்தது. அதோடு இவ்வளவு மங்கலான ஒளியில் நம் கண் நிறத்தைச் சரியாகப் பிரிக்காது.

பக்கத்திலேயே ஒப்பிட ஆள் இருப்பதுதான் இந்த இடத்தின் அருமை. சுமார் 3,900 கெல்வினில் ஆரஞ்சாக ரோகிணி, 22,000 கெல்வினில் நீலமாக பெல்லாட்ரிக்ஸ். சின்ன பைனாகுலரில் மூன்றையும் மாறி மாறிப் பாருங்கள், குவியத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டு. புள்ளி வட்டமாக விரியும்போது நிறம் தெளிவாகும்.

எவ்வளவு தூரம்? டேப் வெச்சா அளந்தாங்க?

26.3 ஒளியாண்டு. 2026 தை மாதம் நீங்கள் பார்க்கும் ஒளி 1999-இன் பிற்பகுதியில் அங்கிருந்து புறப்பட்டது.

பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள விண்மீன்கள் தொலைவிலுள்ளவற்றின் பின்னணியில் ஆண்டுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் நகர்ந்த மாதிரித் தெரியும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். டாபிட்டுக்கு இந்தக் கோணம் 0.124 வில்நொடி. 1-ஐ 0.124-ஆல் வகுத்தால் 8.07 பார்செக் (வானியலில் தூரத்துக்கான ஓர் அலகு), அதை 3.26-ஆல் பெருக்கினால் 26.3 ஒளியாண்டு. ஒரு வில்நொடி என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு, அதிலும் எட்டில் ஒரு பங்கைத்தான் அளக்கிறோம். காற்றின் நடுக்கம் இல்லாத விண்வெளியிலிருந்து ஐரோப்பிய ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் அளந்ததால் இதன் தூரத்தில் இப்போது ஒரு சதவீதப் பிழைகூடக் கிடையாது.

சூரியனைவிடப் பெருசா, சின்னதா?

பெரியது, ஆனால் அதிகம் இல்லை. விட்டம் சூரியனைப் போல 1.32 மடங்கு, நிறை சுமார் 1.25 மடங்கு, வெளியிடும் மொத்த ஆற்றல் சுமார் 2.8 மடங்கு.

கடைசி எண்ணை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆற்றல் என்பது ஆரத்தின் இருமடிக்கும் வெப்பநிலையின் நான்மடிக்கும் ஏற்பக் கூடும். 1.32 × 1.32 = 1.74. 6,500-ஐ 5,772-ஆல் வகுத்தால் 1.126, அதன் நான்மடி 1.61. இரண்டையும் பெருக்கினால் 2.8. தூரத்தையும் பொலிவெண்ணையும் வைத்துத் தனியாகக் கணக்கிட்டாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சூரியனைப் போல ஏறத்தாழ 3 மடங்கு என்றுதான் வரும். இரண்டு வேறு வழிகள் ஒரே இடத்துக்கு வருவதால் இந்த எண்ணைத் தயங்காமல் நம்பலாம்.

பட்டியல்ல டாபிட்டுக்கு எஃப்6 வி-ன்னு போட்டிருக்கே, அது என்ன கோடு?

ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்பது சூடானதிலிருந்து குளிர்ந்தது வரையிலான வரிசை. ஹார்வர்டில் ஆனி ஜம்ப் கேனன் லட்சக்கணக்கான விண்மீன்களை இந்த முறையில் பிரித்தார். ஒவ்வொரு எழுத்தும் 0 முதல் 9 வரை பத்துப் படிகளாகப் பிரியும். எஃப்6 என்றால் எஃப் வகையின் நடுவைச் சற்றுத் தாண்டியது. சூரியன் ஜி2, அதாவது ஆறு படி கீழே.

கடைசியில் உள்ள வி ரோமன் எண் ஐந்து. முதன்மை வரிசை விண்மீன், அதாவது மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக இணைத்துக்கொண்டிருக்கும் நடுவயது விண்மீன் என்று பொருள். 1943-இல் மார்கன், கீனன், கெல்மன் மூவரும் வெளியிட்ட நிறமாலைத் தொகுப்பிலிருந்து (நிறமாலை என்பது விண்மீனின் ஒளியைப் பிரித்து எடுத்த வண்ணப் பட்டை) டாபிட் இந்த வகைக்கான அளவுகோல் விண்மீனாகவே இருந்துவருகிறது. இன்னொரு விண்மீன் எஃப்6 வி-யா என்று முடிவுசெய்ய அதன் நிறமாலையை டாபிட்டின் நிறமாலையோடு ஒட்டிப் பார்ப்பார்கள். வெறுங்கண்ணில் சாதாரணமாகத் தெரியும் இந்தப் புள்ளிக்கு வானியலில் அவ்வளவு மதிப்பு.

எடை கால் பங்குதான் கூட. அப்புறம் வெளிச்சம் எப்படி மூணு மடங்காச்சு?

நிறை கூடினால் மையத்தை அழுத்தும் பாரம் கூடும். அந்தப் பாரத்தைத் தாங்க மையம் இன்னும் சூடாக வேண்டும். அணுக்கரு இணைவு வெப்பநிலைக்கு மிக நுணுக்கமாக ஈடுகொடுக்கும். சூரியனில் பெரும்பாலும் நடக்கும் புரோட்டான் சங்கிலி வெப்பநிலையின் நான்மடி அளவில் வேகமெடுக்கும். கரி, நைட்ரஜன், ஆக்சிஜன் துணையோடு நடக்கும் இன்னொரு சுழற்சி பதினாறு மடியை ஒட்டி ஏறும். சூரியனில் இந்தச் சுழற்சியின் பங்கு ஒரு சதவீத அளவுதான்.

மையம் 1.7 கோடி கெல்வினை ஒட்டி வரும்போது இந்த இரண்டாவது வழி முதல் வழியை எட்டிப் பிடிக்கிறது. சூரியனின் மையம் 1.5 கோடி கெல்வினில் நிற்பதால் அங்கே அது தலையெடுக்கவில்லை. டாபிட் அந்த எல்லைக்கு அருகில் உள்ள விண்மீன். நிறை இன்னும் கொஞ்சம் ஏறினால் ஆற்றல் ஒரே இடத்தில் குவிந்து உற்பத்தியாகி, மையமே கொதித்துப் புரளத் தொடங்கும். அதே நேரம் வெளிப்பக்கத்தில் புரளும் அடுக்கு மெலிந்துகொண்டே போகும். சூரியனில் மையம் அமைதி, வெளியடுக்கு கொதிப்பு. கனமான விண்மீன்களில் இது தலைகீழ். அந்த மாற்றம் நடக்கும் வரம்பில் டாபிட் நிற்பதால்தான் இதைப் படிப்பதில் இவ்வளவு பயன்.

சூரியன் சுத்த 25 நாள் ஆகுதாமே. இது எவ்வளவு?

நான்கு நாளுக்கும் குறைவு. நிறமாலைக் கோடுகள் அகன்றிருப்பதை வைத்து, நம் பார்வைக் கோட்டில் தெரியும் சுழற்சி வேகம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் என்று அளந்திருக்கிறார்கள். சூரியனுக்கு இது 2. டாபிட்டின் சுற்றளவு ஏறத்தாழ 58 லட்சம் கிலோமீட்டர், அதை 17-ஆல் வகுத்தால் 3.9 நாள். அச்சு நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால் உண்மை வேகம் இன்னும் கூடுதலாக இருக்கும், எனவே 3.9 நாள் என்பது மேல் வரம்பு.

காரணம் மேலே சொன்ன மெலிந்த வெளியடுக்குதான். சூரியனில் அந்தத் தடித்த அடுக்கு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, அந்தப் புலம் வெளியேறும் துகள்காற்றைப் பிடித்துக்கொண்டு சுழற்சியை மெல்ல மெல்ல இழுத்து நிறுத்துகிறது. அடுக்கு மெலிந்தால் இந்தத் தடை வலுவிழக்கும். எஃப் வகையின் நடுவில், 6,200 முதல் 6,500 கெல்வின் வாக்கில், விண்மீன்களின் சுழற்சி வேகம் சட்டென்று மாறுவதை 1967-இல் ராபர்ட் கிராஃப்ட் எடுத்துக்காட்டினார். டாபிட் அந்த முறிவின் விளிம்பிலேயே இருக்கிறது.

வயசு என்ன? திருவாதிரை மாதிரி இதுவும் வெடிக்குமா?

வெடிக்காது. மீவிண்மீனாக வெடிக்கச் சூரியனைப் போல எட்டு மடங்கு நிறையாவது வேண்டும். திருவாதிரைக்கு அது இருக்கிறது, டாபிட்டுக்கு இல்லை. எரிபொருள் தீர்ந்ததும் வீங்கிச் சிவந்து, வெளியடுக்கை உதறி, மையம் மட்டும் வெண்குறுமீனாக எஞ்சும். அப்படி எஞ்சும் மையம் சூரிய நிறையில் 1.4 மடங்கைத் தாண்டினால் நிலைக்காது என்பதுதான் சுப்பிரமணியன் சந்திரசேகர் கண்ட வரம்பு. டாபிட்டின் முழு நிறையே அதற்குள் அடங்கிவிடுகிறது.

வயது சுமார் 140 கோடி ஆண்டு என்பது ஒரு கணிப்பு. மொத்த ஆயுளுக்கு எளிய கணக்கு உண்டு: சூரியனுக்கு 1,000 கோடி ஆண்டு, அதை நிறையால் பெருக்கி ஆற்றலால் வகுங்கள். 1,000 × 1.25 ÷ 2.8 = சுமார் 450 கோடி. எரிபொருள் கால் பங்கு கூடுதல், செலவு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பூமிக்கு இப்போது ஆகியிருக்கும் வயதுதான் டாபிட்டுக்கு முழு ஆயுள்.

கிரகம் ஏதாவது இருக்கா?

உறுதியாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. விண்மீன் நம்மைவிட்டு விலகும் வேகத்தில் 73 நாளுக்கு ஒருமுறை திரும்பும் ஒரு சிறு மாற்றம் தெரிந்தது. அதற்கு விண்மீனின் மேற்பரப்புச் செயல்பாடே காரணமாக இருக்கலாம் என்பதுதான் பொதுவான கருத்து.

இதைக் கிரகம் இல்லை என்று படிக்கக் கூடாது. கிரகம் இழுப்பதால் விண்மீன் ஆடும் ஆட்டத்தை நிறமாலைக் கோடுகள் இடம் மாறுவதை வைத்துத்தான் அளக்கிறோம். சூடான விண்மீனில் அந்தக் கோடுகளே குறைவு, வேகச் சுழற்சியால் அவை அகன்று மழுங்கியும் போகின்றன. பூமியளவு கிரகத்தின் இழுப்பு அந்த மழுங்கலுக்குள் காணாமல் போய்விடும்.

சூரியன் இருக்கிற இடத்துல இதைத் தூக்கி வெச்சா நமக்கு என்ன ஆகும்?

வானத்தில் வட்டம் இப்போதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். பூமிக்கு 2.8 மடங்கு ஆற்றல் வரும். வெள்ளிக் கோள் சூரியனிடமிருந்து வாங்குவதே பூமியைப் போல 1.9 மடங்குதான், அங்கே என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். காற்று மண்டலத்தின் போர்வையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தாலே பூமியின் சமநிலை வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே 18 செல்சியஸிலிருந்து 57 செல்சியஸுக்கு ஏறும். கடல் ஆவியாகி, அந்த நீராவி மேலும் வெப்பத்தைப் பிடிக்கும். மீட்பே கிடையாது.

இப்போது கிடைக்கும் அதே வெயில் வேண்டும் என்றால் பூமியை 1.67 மடங்கு தள்ளி வைக்க வேண்டும், செவ்வாய்க்கும் அப்பால். அங்கே ஓர் ஆண்டு சுமார் 705 நாள். புற ஊதாக் கதிர் அப்போதும் கூடுதலாகவே விழும்.

கத்திரி வெயில் காலத்துல இந்த நட்சத்திரம் சூரியன் பக்கத்துல இருக்கே, அதனாலதான் சூடா?

இல்லை. டாபிட்டிலிருந்து நமக்கு வரும் வெப்பம் சூரியன் தருவதில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. வானத்தில் ஒரே திசையில் தெரிவதால் கூட்டுச் சேர்ந்து சுடுவதில்லை. மே மாத மதுரையின் சூட்டுக்கு உச்சிக்கு வரும் சூரியனும் காய்ந்த நிலமும் காரணம்.

டெலஸ்கோப்புல பெருசாத் தெரியுமா?

எந்த மாடித் தொலைநோக்கியிலும் புள்ளிதான். ஆறு அங்குலக் கண்ணாடி பிரித்துக்காட்டும் மிகச் சிறிய கோணம் 0.77 வில்நொடி. டாபிட்டின் வட்டம் சுமார் 0.0015 வில்நொடி, ஐந்நூறு மடங்கு சிறியது. கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 330 மீட்டர் வரை விலகி நிற்கும் தொலைநோக்கிகளை இணைத்து இயங்கும் சாரா என்ற கருவியால்தான் அளக்க முடிந்தது. மேலே கொடுத்த 1.32 மடங்கு விட்டம் அப்படிக் கிடைத்தது.

டாப்சோனியன் (சுழலும் அடித்தட்டின்மேல் கையால் திருப்பும் தொலைநோக்கி) வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மதுரையில் டாபிட் உச்சி தாண்டும்போது அடித்தட்டு படாத பாடு படும். உச்சிக்கு 12 நிமிடம் முன்பு அது தென்கிழக்கில், 12 நிமிடம் கழித்துத் தென்மேற்கில் இருக்கும். 24 நிமிடத்தில் குழாயை 90 பாகை திருப்ப வேண்டும், குழாயோ ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால் தள்ளப் பிடிமானம் கிடைக்காது. ஒரு மணி நேரம் முன்போ பின்போ வையுங்கள், 75 பாகை உயரத்தில் வேலை சுலபம்.

போன்ல படம் எடுத்தா எல்லாமே வெள்ளையா வருதே?

கூடுதல் வெளிச்சம்தான் காரணம். உணரியின் மூன்று நிறங்களும் நிரம்பி வழிந்தால் எந்த விண்மீனும் வெள்ளைதான். போனைத் தாங்கியில் பொருத்தி, ப்ரோ முறையில் ஐஎஸ்ஓ 800, நேரம் 8 நொடி, வெள்ளைச் சமநிலை பகல்வெளிச்சம், கோப்பு ரா வடிவம் என்று வைத்துத் தொடங்குங்கள். 10 நொடியைத் தாண்டினால் புள்ளி கோடாக இழுபடும். டாபிட் வான நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இந்த இழுபடல் இங்கே அதிகம். மூன்று நொடி டைமர் போட்டால் விரல் பட்டு ஆடுவது நிற்கும்.

பிறகு முன்பு சொன்ன அதே உத்தி: குவியத்தைச் சற்றுக் கலையுங்கள். ரோகிணி, டாபிட், பெல்லாட்ரிக்ஸ் மூன்றும் ஒரே சட்டத்தில் அடங்கும், மூன்று நிறமும் பிரிந்து விழும்.

நிறமாலையை நாமளே எடுக்க முடியுமா?

முடியும். மில்லிமீட்டருக்கு நூறு கோடு கொண்ட கிரேட்டிங் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கண்ணாடி) ஒன்றைக் கேமராவுக்கு முன்னால் பொருத்தினால் புள்ளிக்குப் பக்கத்தில் வண்ணப் பட்டை விழும். நேராக டாபிட்டில் தொடங்கினால் ஏமாற்றமாக இருக்கும். முதலில் சிரியஸை எடுங்கள். அது ஏ வகை, ஹைட்ரஜன் கோடுகள் தடிமனாக விழும். அதை வைத்துத் திரையில் அலைநீள அளவைக் குறித்துக்கொண்டு, அதே அமைப்பில் டாபிட்டுக்கு வாருங்கள். ஹைட்ரஜன் கோடுகள் மெலிந்திருக்கும், ஊதா ஓரத்தில் கால்சியம் கோடுகள் வலுத்திருக்கும். கால்சியம் கோடு இருக்கும் இடத்தில் பல வண்ணக் கேமராக்கள் குருடு, அது தெரியவில்லை என்றால் உங்கள் தவறு என்று நினைக்க வேண்டாம்.

அந்தக் கேடயத்துல இருக்கிற ஆறும் ஒரே குடும்பமா?

இல்லை. அருகருகே தெரிவது திசையால் மட்டும்தான். டாபிட் 26 ஒளியாண்டில் இருக்க, அதற்கு அடுத்துத் தெற்கே இருக்கும் பை-4 சுமார் ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்தும் 3.7 பொலிவெண்ணில் தெரிகிறது என்றால் அது எவ்வளவு பெரிய சுடர் என்று எண்ணிப் பாருங்கள்.

அருகில் இருப்பதால் டாபிட்டின் நகர்வும் தெரிகிறது. ஆண்டுக்கு 0.46 வில்நொடி கிழக்கே நகர்கிறது. சங்க காலத்திலிருந்து இன்றுவரை நிலாவின் அகலத்தில் பாதி நகர்ந்திருக்கிறது. நொடிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைவிட்டு விலகியும் போகிறது.

புரோசியான் இன்னும் கிட்டத்துல, இன்னும் பளிச்சுன்னு இருக்கே. அதை விட்டுட்டு இதை ஏன்?

புரோசியான் 11.5 ஒளியாண்டில் இருக்கிறது, அதுவும் எஃப் வகைதான். ஆனால் அதன் வகுப்பு நான்குக்கும் ஐந்துக்கும் இடையில், முதன்மை வரிசையைவிட்டுக் கிளம்பத் தொடங்கிய நிலை. அதன் விட்டம் சூரியனைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஊதிவிட்டது. வரிசைக்குள் நிலையாக இருக்கும் எஃப் விண்மீனைப் பார்க்க டாபிட்தான் சரி. இரண்டும் ஒரே இரவில் தெரியும், இரண்டையும் பாருங்கள்.

வெப்பநிலையை ஒரு இடத்துல 6,400-ங்கறாங்க, இன்னொரு இடத்துல 6,500-க்கு மேல. எடையும் மாறுது. எதை நம்புறது?

எல்லா எண்ணுக்கும் ஒரே நம்பகம் கிடையாது. தூரம், நேரடி அளவு. கோண விட்டம், ஏறக்குறைய நேரடி அளவு. இரண்டையும் சேர்த்தால் விட்டம், அதுவும் உறுதி. வெப்பநிலை, நிறமாலையை மாதிரிக் கணக்கோடு பொருத்தி வருவது, நூறு கெல்வின் இப்படி அப்படி இருக்கும்.

நிறைதான் மிகப் பலவீனமானது. இரட்டை விண்மீன் என்றால் ஒன்றையொன்று சுற்றும் காலத்தை வைத்து நிறையை நேராக எடைபோடலாம். புரோசியானுக்கு ஒரு வெண்குறுமீன் துணை இருப்பதால் அதன் நிறை அப்படித்தான் கிடைத்தது. டாபிட்டுக்கு அப்படி எடைபோடத் துணை இல்லை. அதனால் 1.25 என்பது பரிணாம மாதிரிகளிலிருந்து ஊகித்தது. வயது அதைவிடவும் தளர்ந்தது. ஓர் அட்டவணையில் நிறைக்கு மூன்று தசம இலக்கம் போட்டிருந்தால், அது எந்த மாதிரியிலிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு எடுத்தாளுங்கள்.